உலைக்குப் பாதி தெரியாது

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. உங்கள் அலுவலகத்தின் பேர் பத்திரிகையில் நாலாம் பக்கத்தில் வருகிற அளவுக்கு நலமாகத்தான் இருக்கிறீர்கள்.

போனில் பேசி முடித்துக்கொள் என்று தங்கச்சி சொல்லி அனுப்பினாள். எனக்குப் போனில் பேசத் தெரியும், கேட்கத்தான் முடியாது. பாட்டில் அடிக்கிற இயந்திரத்துக்கு எட்டடி தூரத்தில் இருபத்தாறு வருடம் நின்ற காது இது. குறுஞ்செய்தியில் திட்டலாம் என்றால் என் கட்டைவிரலுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அதனால்தான் கடிதம். என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டவர் என்பதால் 'நீங்கள்' போட்டே திட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் உற்பத்தியைப் பாதியாகக் குறைத்தால் பெரிய பாதிப்பு இல்லை: புள்ளியியல் அலுவலகம்.' இதை வெட்டி எங்கள் கேண்டீன் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே எவனோ பேனாவால் 'உலை மேஸ்திரியின் மாப்பிள்ளை வாழ்க' என்று எழுதியிருக்கிறான். டீ எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

உலையின் உள்சுவர் தேய்ந்துவிட்டது, அடுத்த வருடம் பிரித்துக் கட்டியாக வேண்டும். அந்தச் செலவு எதற்கு, ஒட்டுப்போட்டுப் பாதி உற்பத்தியோடு ஓட்டினால் போதாதா என்று அமைச்சகம் ஒரு குழு போட்டது. குழு உங்களைக் கேட்டது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? பாதி பாட்டில், பாதி எரிபொருள், பாதி ஆள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்றாறு பேர். அடேயப்பா, வாழைப்பழத்தை நறுக்குகிற மாதிரி நறுக்கிவிட்டீர்களே!

மாப்பிள்ளை, உலைக்குப் பாதி என்றால் என்னவென்று தெரியாது. எட்டு வருடமாக அது ஒரு நாள்கூட அணைந்ததில்லை. உள்ளே ஆயிரத்து ஐந்நூறு டிகிரி. ஒரு பாட்டில்கூட எடுக்காமல் சும்மா வைத்திருந்தாலும் சூடு இறங்காமல் இருக்க முக்கால்வாசி எரிபொருள் தின்னும். உலையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஷிஃப்டுக்குப் பதினோரு பேர். பாட்டில் பாதியானால் ஐந்தரை பேரா நிற்பார்கள்? அந்த அரை ஆளை நீங்களே வந்து நிறுத்திவைத்துவிட்டுப் போங்கள்.

இதைக் கணக்குப் போட்டது நீங்கள்தானா, இல்லை வேறு யாராவதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 11

மச்சானுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. எனக்கு முன்பே உங்கள் தங்கை பிரித்துப் படித்துவிட்டாள். சில இடங்களில் சிரித்தாள். எந்த இடங்கள் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.

கணக்குப் போட்டது நான்தான்.

எப்படிப் போட்டேன் என்பதைச் சொல்கிறேன், திட்டுவதற்கு வசதியாக இருக்கும். எங்களிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. நாட்டில் உள்ள தொழில்களை நாற்பத்தெட்டு வகையாகப் பிரித்து இடப்பக்கம் விற்பவர்களாக எழுதியிருப்போம். அதே நாற்பத்தெட்டையும் மேலே வாங்குபவர்களாக எழுதியிருப்போம். குறுக்கே படித்தால் ஒரு தொழிலின் சரக்கு யார் யாரிடம் போகிறது என்று தெரியும். நெடுக்கே படித்தால் அந்தத் தொழில் யார் யாரிடம் என்ன வாங்குகிறது என்று தெரியும். ஒரு டன் பாட்டிலுக்கு எவ்வளவு மணல், எவ்வளவு எரிபொருள், எத்தனை ஆள் என்ற விகிதம் அதிலிருந்து கிடைக்கும்.

பிறகுதான் வேலை. பாட்டிலுக்கு மணல் வேண்டும். மணலுக்கு லாரி, லாரிக்கு டயர், டயர் செய்ய மின்சாரம், மின் நிலையத்துக்கு மறுபடி ஒரு லாரி. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடச் சிறியது. எல்லாச் சுற்றையும் கூட்டினால் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். அந்த அழகுக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

இதில் விகிதம் மாறுவதில்லை. பாதி செய்தால் பாதி வாங்குவீர்கள், இரண்டு மடங்கு செய்தால் இரண்டு மடங்கு வாங்குவீர்கள். அது உண்மையென்று நாங்கள் சொல்லவில்லை, அப்படி வைத்துக்கொள்கிறோம். அப்படி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தில் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அட்டவணையில் பாட்டிலுக்குத் தனி வரிசை கிடையாது. நாட்டில் இருப்பது உங்கள் தொழிற்சாலை ஒன்றுதான். தனியாகப் போட்டால் ஒரே நிறுவனத்தின் உள்விவரம் வெளியே தெரிந்துவிடும் என்பதால் விதி அனுமதிக்காது. ஆகவே செங்கல், சிமெண்ட், ஓடு, பீங்கான், கண்ணாடி எல்லாம் ஒரே வரிசை. அதில் செங்கலும் சிமெண்டும்தான் பெரும்பங்கு. நான் பாதியாக்கியது பெரும்பாலும் ஒரு செங்கல் சூளையைத்தான். சூளையை இந்த வாரம் மூட்டலாம், அடுத்த வாரம் அணைத்துவிடலாம்.

தாங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. விதியிலும் இருக்கிறது.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

முப்பத்தோராம் பக்கத்தை யார் படித்தது? குழுவில் படித்தார்களா? பத்திரிகைக்காரன் படித்தானா? எங்கள் மேலாளரிடம் அறிக்கை இருக்கிறது, அவர் முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு அதை விசிறியாக வைத்திருக்கிறார்.

என்னைச் செங்கல் சூளை என்று நினைத்துத்தான் வெட்டினேன் என்று சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தீர்களா? ஆள் மாறிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருக்க எனக்கு நேரமில்லை. இத்துடன் உலைப் பதிவேட்டின் ஒன்பது பக்கங்களை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு இயந்திரம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டது. அந்த மாதம் நாங்கள் எடுத்தது வழக்கத்தில் நூற்றுக்கு நாற்பது. எரிந்த எரிபொருள் நூற்றுக்கு எண்பத்தொன்று. ஆள் குறையவில்லை, எல்லாரும் பழுது பார்த்தார்கள். தேதி, நேரம், என் கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

செங்கலிலிருந்து எங்களைப் பிரித்தெடுங்கள். தனிக் கணக்குப் போடுங்கள். விதி என்றால் வெளியே காட்டாதீர்கள், குழுவிடம் மட்டும் காட்டுங்கள். வேறு என்ன விவரம் வேண்டுமோ கேளுங்கள், இந்தத் தொழிற்சாலையில் எனக்குத் தெரியாத மூலை இல்லை.

தங்கச்சி எந்த இடத்தில் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். அரை ஆள்.

மச்சான்


மார்ச் 29

மச்சானுக்கு,

பதிவேட்டு நகல்களை என் இயக்குநரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மே 20 அன்று குழு கடைசியாகக் கூடுகிறது, அதற்குள் ஒரு துணைக்குறிப்பு தயார் செய்யலாம் என்றார். ஆக, நீங்கள் கேட்டது நடக்கிறது. உங்களுடன் உறவு இருப்பதையும் அவரிடம் சொன்னேன். கணக்கைச் செய், ஆனால் கூட்டம் முடியும்வரை அவரை நேரில் சந்திக்காதே என்றார்.

பிரித்தெடுப்பதற்காக உங்கள் தொழிற்சாலை நிரப்பி அனுப்பிய பழைய படிவத்தைக் கிடங்கிலிருந்து வரவழைத்தேன். இந்த அட்டவணை நிற்பதே அந்தப் படிவங்களின்மேல்தான். ஏழு வருடத்துக்கு முந்தையது, பதினான்கு பக்கம்.

ஆறாம் பக்கத்தில் 'உங்கள் சரக்கை வாங்குபவர் யார்' என்ற கேள்வி இருக்கிறது. மருந்து, பானம், உணவு, வாசனைப் பொருள், மொத்த வியாபாரம் என்று கட்டங்கள். உங்கள் படிவத்தில் நூற்றுக்கு நூறும் மொத்த வியாபாரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற கட்டங்களில் ஒரு கோடு.

அதன் விளைவு என்னவென்றால், எங்கள் அட்டவணையின்படி மருந்துத் தொழிற்சாலைகள் உங்களிடமிருந்து ஒரு பாட்டில்கூட வாங்குவதில்லை. ஆனால் அவர்களின் படிவத்தில் பாட்டில் வாங்கியதாக இருக்கிறது. குறுக்குக் கூட்டலும் நெடுக்குக் கூட்டலும் ஒத்துப்போகாமல் அட்டவணையை மூட முடியாது. எனவே அந்தப் பாட்டில்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று எழுதிச் சமன் செய்திருக்கிறார்கள். 'செய்திருக்கிறார்கள்' என்று எழுதுவது சரியில்லை. செய்தவன் நான்.

படிவத்தில் கையெழுத்து இல்லை. ஆனால் அதை நிரப்பியவர் ஏழு எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுகிறார். உங்கள் சென்ற கடிதத்தின் தேதியிலும் அப்படி ஒரு ஏழு இருக்கிறது.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையில் எவ்வளவு எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாம் தடவை படிக்கத் தைரியம் இல்லை.

நான்தான். அலுவலகத்தில் கணக்கு எழுதும் அம்மாள் பிரசவ விடுப்பில் இருந்தார். மேலாளர் அந்தப் பதினாலு பக்கத்தை என் கையில் கொடுத்து, "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே மேஸ்திரி, ரொப்பிக் குடுத்துடுங்க" என்றார். எல்லாம் தெரியும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை தானாக நீளும். மணல் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன்.

வாங்குபவர் யார் என்று கேட்டிருந்தது. லாரி வெளியே போகக் கொடுக்கிற கேட் பாஸ் சீட்டுக் கட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் கேட் பாஸில் லாரி யாருடையதோ அவர் பேர்தான் இருக்கும். லாரி எல்லாம் மொத்த வியாபாரியுடையது. அவர் பேரையே வாங்குபவர் என்று எடுத்துக்கொண்டேன். அந்த லாரியில் பத்துக்கு ஆறு கேட்டைத் தாண்டியதும் நேராக மருந்துக் கம்பெனிக்குத்தான் போகிறது என்பது இங்கே நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அரசாங்கப் படிவம் என்றால் தாளில் இருப்பதைத்தானே எழுத வேண்டும் என்று ரொம்ப நேர்மையாக எழுதியிருக்கிறேன்.

என் தலையில் நானே கல்லைப் போட்டுக்கொண்டு உங்களைத் திட்டியிருக்கிறேன். சிரிப்பு வருகிறது. கேண்டீனில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் தடவை சரியாகச் செய்கிறேன். அனுப்புகை அறையில் நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு லாரியும் எங்கே இறக்கியது என்று டிரைவர்களைக் கேட்டு எழுதிய பட்டியல் இத்துடன். மருந்துக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு. பானத்துக்கு இருபத்துநாலு. மீதி சில்லறை.

மருந்துக்காரர்கள் எங்களை எப்படி மதிக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் உலையைப் பிரித்துக் கட்டிய எழுபது நாளும் அவர்கள் வெளியிலிருந்து கப்பலில் பாட்டில் இறக்கினார்கள். நூற்றுக்கு ஒன்பது உடைந்து வந்தது. விலையும் கூட. அவர்களுடைய கொள்முதல் அதிகாரி எங்கள் உலை மூட்டிய அன்றைக்கு நேரில் வந்து, "இனிமே நீங்க லீவு போடாதீங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதையும் எங்கேயாவது எழுதுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 24

மச்சானுக்கு,

கணக்கு முடிந்துவிட்டது. உங்கள் பதிவேடு, உங்கள் லாரிப் பட்டியல் இரண்டும் இல்லாமல் முடிந்திருக்காது. நன்றி.

முதலில் பாதி என்பது. நீங்கள் சொன்னது சரி. பாதி உற்பத்திக்கு எண்பதுக்கு மேல் எரிபொருள் என்றால் அப்படி ஓட்டுவதற்குப் பதில் மூடிவிடலாம். துணைக்குறிப்பில் முதல் வாக்கியமே அதுதான். இனி இருப்பது இரண்டே வழி. உலையைப் புதிதாகக் கட்டி முழுதாக ஓட்டுவது, அல்லது மூடுவது.

மூடினால் என்ன ஆகும்? பாட்டிலுக்குத் தனி வரிசை போட்டு, மருந்துக்கு அறுபத்திரண்டு என்று திருத்தி, விகிதம் மாறாது என்ற அதே விதியோடு ஓட்டினேன். பாட்டில் நின்றால் திரவ மருந்து நிற்கிறது. மருந்து நின்றால் அட்டைப்பெட்டி, அச்சகம், போக்குவரத்து என்று சுற்றுச் சுற்றாகப் போய் 3,412 வேலைகள் போகின்றன.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. குழு இதை வைத்துக்கொண்டு உங்கள் உலையை மூடாது. அன்று மாலை உங்கள் தங்கையிடமும் சொன்னேன். சமையலறையில் நின்றபடியே கேட்டாள்: "பாட்டில் இல்லேன்னா மருந்து நின்னுடுமா? எழுபது நாள் நிக்கலைன்னு அண்ணன் எழுதியிருக்காரே."

நிற்கவில்லை. விலை கூடியது, உடைந்து வந்தது, ஆனால் ஒரு நாளும் நிற்கவில்லை. பாதி என்றால் பாதி என்று நான் எழுதியதைப் பார்த்துச் சிரித்தீர்கள். பாட்டில் இல்லையென்றால் மருந்தும் இல்லை என்பது அதே சூத்திரம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்குவார்கள் என்பதே அதற்குத் தெரியாது. இரண்டு தடவையும் அது கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்கிறது. நமக்கு எதிராகச் சொன்னபோது பொய், சாதகமாகச் சொன்னால் உண்மை என்று வைத்துக்கொள்ள முடியாது.

மருந்து நிற்காது என்று வைத்துக்கொண்டால் போவது உங்கள் 212 பேரும், மணல், லாரி வகையில் 88 பேரும். மொத்தம் முந்நூறு. மணலோடு கலக்கும் சோடா உப்பும் எரிபொருளும் வெளிநாட்டிலிருந்து வருவதால் சங்கிலி அதற்குமேல் நீளவில்லை. முந்நூறு என்ற எண்ணுக்குக் குழு உலை கட்டித் தராது. அது உங்களுக்கும் தெரியும்.

இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதப்போகிறேன். எழுபது நாள் விஷயத்தையும் அதன் கீழேயே எழுதுவேன், அடிக்குறிப்பில் அல்ல.

மாப்பிள்ளை


மே 2

மாப்பிள்ளைக்கு,

பேஷ். எனக்கு எதிராக இருந்தபோது உங்கள் குறிப்பு முப்பத்தோராம் பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்தது. எனக்குச் சாதகமாக ஓர் எண் வந்ததும் ஓடி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கால் எங்கிருந்து முளைத்தது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 3,412-ஐ முன்னால் வையுங்கள். எழுபது நாளைப் பின்னால், பழைய இடத்திலேயே வையுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. போன தடவை நீங்கள் செய்ததையே இந்தத் தடவையும் செய்யுங்கள் என்கிறேன்.

அந்த எழுபது நாளை உங்களுக்குச் சொன்னதே நான். என் வாயால் நானே கெட்டேன். மருந்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார் என்று பெருமைக்கு எழுதினேன், நீங்கள் அதைத் தூக்கிச் சாட்சியாக்கிவிட்டீர்கள்.

20-ஆம் தேதி தொழிலாளர் தரப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். உங்கள் இயக்குநர் சொன்னதற்காக இல்லை.


மே 8

மச்சானுக்கு,

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. முதல் தடவை நான் பொய் எழுதவில்லை, ஆனால் படிக்கப்படாது என்று தெரிந்த இடத்தில் உண்மையை வைத்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது கேண்டீன் சுவரில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது.

அதை இரண்டாம் தடவையும் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். உலையைக் கட்டுவார்கள். இரண்டு வருடத்தில் மருந்துக்காரர்கள் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கப் போய்விடுவார்கள். புது உலை, வாங்க ஆள் இல்லை. அப்போது மூடினால் யாரும் குழு போடமாட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் அட்டவணை எந்தத் தொழிற்சாலைக்காக எதைச் சொன்னாலும், இது யாருடைய மாப்பிள்ளை போட்ட கணக்கு என்றுதான் கேட்பார்கள்.

உங்களுக்கு இது சமாதானமாக இருக்காது. எனக்கும் இல்லை. உங்கள் தங்கை மூன்று நாளாக என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். நான் செய்வது சரி என்கிறாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை


மே 13

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. பதில் எழுதக்கூடாது என்றிருந்தேன், முடியவில்லை.

நேற்று கண்ணாடிக்கு முன் நின்று பேசிப் பார்த்தேன். "ஐயா, எங்க பாட்டில் இல்லேன்னா மருந்து நின்னுபோகும், புள்ளைங்க இருமி இருமிச் சாகும்." முதல் பாதி வந்தது. இரண்டாம் பாதிக்கு வாய் கோணுகிறது. நான் கோபத்தில் எதை வேண்டுமானாலும் சொல்வேன், நிதானத்தில் எனக்குப் பொய் வராது. அது என் குறை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் யோசிக்காமல் எழுதியது இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இப்போது யோசித்துக்கொண்டே தப்பாகச் சொன்னால் அது எங்கே போய் நிற்கும்? நீங்கள் சொன்ன சுற்றுக் கணக்கை நினைத்தேன். ஒவ்வொரு சுற்றும் சின்னதாகும் என்றீர்கள். தப்பு அப்படி ஆவதாகத் தெரியவில்லை.

என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. 18-ஆம் தேதி காலை ரயில். தொழிற்சங்க விடுதியில் தங்குகிறேன். தங்கச்சியிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வரவில்லையென்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மச்சான்


மே 16

மச்சானுக்கு,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். குறுஞ்செய்தியில் எழுதுகிற விஷயம் இல்லை. போனில் கத்திச் சொல்கிற விஷயமும் இல்லை.

துணைக்குறிப்பு நேற்று மாலை போய்விட்டது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் 3,412 மட்டும் இருக்கிறது. முந்நூறு இல்லை. எழுபது நாள் இல்லை. விகிதம் மாறாது என்று வைத்துக்கொண்டோம் என்ற வரி கடைசியில், இணைப்புப் பட்டியலுக்குக் கீழே, சிறிய எழுத்தில் இருக்கிறது. இயக்குநர் என்னை நம்பிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

உங்கள் கடிதம் ஒன்றும் என்னை மாற்றவில்லை. ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய லாரிப் பட்டியலை நேற்று கோப்பில் கட்டும்போது மறுபடி பார்த்தேன். ஓரத்தில் ஒவ்வொரு டிரைவரின் பேரும், அவரவர் எத்தனை வருடமாக ஓட்டுகிறார் என்பதும் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. அதற்குமேல் என்னால் முந்நூறு என்று தட்டச்சு செய்ய முடியவில்லை. பதினாறு வருடத்தில் முதல் முறையாகச் செய்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஆனால் வருத்தமாக இல்லை.

ஒன்றே ஒன்று. கூட்டத்தில் யார் கேட்டாலும் அந்த எழுபது நாளைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அது வேறு யாருக்கும் நினைவில்லை. நான் கூட்டத்துக்கு வரமாட்டேன், இயக்குநர் மட்டும்தான் வருவார்.

உங்கள் தங்கைக்கு இது தெரியாது.

மாப்பிள்ளை


மே 22

மாப்பிள்ளைக்கு,

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். உங்கள் விரைவு அஞ்சல் கதவுக்கு அடியில் கிடந்தது. எங்கள் ஊர்த் தபாலாபீஸுக்கு வந்துசேர்ந்ததே 19-ஆம் தேதி என்கிறது முத்திரை. நான் 18 காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

கூட்டத்தில் நடந்ததை உங்கள் இயக்குநர் சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீளமான மேசை. தலைவர் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு தாளில் எழுதித் தள்ளினார். 'தொழிற்சாலையை மூடினால் 3,412 வேலை போகும் என்கிறது இந்தக் குறிப்பு. இது சரியா?'

மாப்பிள்ளை, இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதுவேன் என்று நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள். அது அவர் கையில் இருக்கிறது, தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையில் உங்கள் ஏப்ரல் கடிதம் இருந்தது. ரயிலில் அதை எத்தனை தடவை படித்தேனோ. நான் சத்தமாகத்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"இல்லீங்க ஐயா, சரியில்லை. அந்தக் கணக்கு ஒரு பாட்டிலுக்குப் பதிலா இன்னொரு பாட்டில் வாங்கலாம்னே தெரியாத கணக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி எழுபது நாள் நாங்க மூடியிருந்தோம். மருந்து நிக்கலை. போகப்போறது முந்நூறு பேருக்கு வேலை. அந்த முந்நூறு பேருக்காகத்தான் நான் வந்திருக்கேன், அவங்களுக்காகக் கேக்கறேன், உலையைக் கட்டிக் குடுங்க."

தலைவர் குறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உங்கள் இயக்குநர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். இயக்குநரின் முகம் வெளுத்துப்போனது. தனக்கு எப்படிப்பட்ட கீழ் அதிகாரி வாய்த்திருக்கிறார் பார் என்று பெருமையில்தான் அப்படி இருக்கிறார் என்று நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன், மாப்பிள்ளை.

ஒரு மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள். உள்சுவர் தாங்கும்வரை ஓட்டலாம், மறுபடி கட்டுவதில்லை. என் அளவின்படி அது பதினோரு மாதம் தாங்கும்.

திரும்பி வரும்போது சங்கச் செயலாளர் என்னோடு பேசவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தோற்றாலும் மாப்பிள்ளையின் பேரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம், அடுத்த தடவை தங்கச்சி வீட்டுக்கு நிமிர்ந்த தலையோடு போகலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஸ்டேஷனில் இறங்கி ஒரு டீகூடக் குடித்தேன்.

பிறகு கதவைத் திறந்தேன்.

இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பதினாறு வருடத்தில் முதல் முறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் முறையை எனக்காகச் செய்தீர்கள், நான் அதை மேசைமேல் போட்டு உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளாலேயே. ஐந்து மணி நேரம் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உங்களைத் திட்டவும் வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை.

உங்கள்மேல் விசாரணை வரும், வேலையும் போகலாம் என்று எங்கள் மேலாளர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஆனால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள், தொழிற்சாலையில் சொல்லி ஏதாவது வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று எழுதத் தொடங்கினேன். பாதி எழுதியபிறகுதான் உறைத்தது, எந்தத் தொழிற்சாலையில்? இருந்தாலும் வந்துவிடுங்கள். வீட்டில் இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது.

மச்சான்